கனவுக்குப் பலன் சொல்லப்பட மாட்டாது

அந்த ஒரு வரியைத்தான் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்றார் நோட்டீஸ் அடிக்க வந்த அம்மாள். எங்கள் முதலாளிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கும் ஃப்ளெக்ஸ் கடை எங்களுடையது. காதணி விழா வரும், கடை திறப்பு வரும், தலைவர் வருகை வரும், கண்ணீர் அஞ்சலி வரும். கனவு வந்தது அன்றைக்குத்தான்.

நோட்டீஸில் வர வேண்டியதை ஒரு வெள்ளைத்தாளில் அவரே எழுதிக்கொண்டு வந்திருந்தார். கனவு வட்டம். ஞாயிறுதோறும் காலை பத்து மணி, ஸ்ரீரங்கம். ஆழ்மனம், கனவு, படைப்பு பற்றிப் பேச்சும் பயிற்சியும். யாரும் வரலாம். இவையெல்லாம் சின்ன எழுத்தில் இருந்தால் போதுமாம். அடியில் பெரிதாக, கனவுக்குப் பலன் சொல்லப்பட மாட்டாது.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. பலன் சொல்லப்படும்னு போட்டாத்தான் கூட்டம் வரும். மாட்டோம்னு போட்டா யாருங்க வருவா?" என்றார் முதலாளி.

"அதுக்காகத்தாங்க போடச் சொல்றேன்," என்றார் அவர்.

அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, தோளில் ஒரு துணிப்பை. கடையில் வருகிறவர்களுக்கென்று ஒரு ஸ்டூல் உண்டு. அதில் அவர் உட்காரவில்லை. "இதுல உக்காரலாங்களா?" என்று கேட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தார். நான் கம்ப்யூட்டரில் மூழ்கி இருந்ததால் காதில் வாங்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்து முதலாளி பார்த்து, "அடடா, உக்காருங்க மேடம்" என்ற பிறகுதான் உட்கார்ந்தார். இது என்ன நாடகம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. நாடகமில்லை என்று புரிய ஒரு வருடம் ஆயிற்று.

நோட்டீஸில் அவர் பெயரைப் போட விடவில்லை. "கனவு அவங்கவங்களோடது. நான் ரூமைத் திறந்து விடுறவ. ரூமைத் திறக்கிறவ பேரை எதுக்குங்க போடணும்?" என்றார். அதனால் நானும் இங்கே பெயர் சொல்லப் போவதில்லை. இப்போது அவர் மைசூரில் மகளோடு இருப்பதாகக் கேள்வி. எங்கள் எல்லாருக்கும் அவர் மேடம், அவ்வளவுதான்.

பின்னணியில் நான் வைத்திருந்த நீல மேகத்தைப் பார்த்து, "இது நீங்க வரைஞ்சதா தம்பி?" என்று கேட்டார். டெம்ப்ளேட் என்றேன். கண்ணீர் அஞ்சலிக்கு வைக்கும் அதே மேகம்தான். "நீங்க வரைவீங்களா?" என்றார். ஓவியக் கல்லூரியில் ஐந்து வருடம் படித்துவிட்டு ஃப்ளெக்ஸ் கடையில் தலைவர்களின் கன்னத்தைச் சிவப்பாக்கிக்கொண்டிருப்பவனிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. "முன்னாடி வரைஞ்சேன்," என்றேன். வேறு யாராக இருந்தாலும் ஏன் விட்டீர்கள், திறமையை வீணாக்கலாமா என்று ஆரம்பித்திருப்பார்கள். அவர் கிளம்பும்போது, "ஞாயித்துக்கிழமை கடை லீவுங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அந்த ஞாயிறே போனேன். வடக்குச் சித்திரை வீதியில் ஒரு மாடி அறை. மற்ற நாட்களில் அங்கே இந்தி வகுப்பு நடக்கும். கரும்பலகை முழுக்க முந்தின நாளின் இந்தி எழுத்துகள். மேடம் அதை அழிக்க மாட்டார். "டீச்சர் வச்சிட்டுப் போயிருக்காங்க," என்பார். எழுத வேண்டியதை ஒரு சார்ட் அட்டையில் எழுதிக் கரும்பலகையின் ஓரத்தில், ஒரு எழுத்தைக்கூட மறைக்காமல் சாய்த்து வைப்பார். அடுத்தவர் பொருளைத் தொடக் கூடாது என்பது அவருக்கு வெறும் பழக்கம் அல்ல. தும்மல் மாதிரி, தானாக வருவது.

ஒருமுறை யாரோ குடையை மறந்துவிட்டுப் போனார்கள். அடுத்த ஞாயிறு அதைத் திருப்பிக் கொடுக்க எடுத்து வந்தார். ஐப்பசி மழை. பேருந்து நிறுத்தத்திலிருந்து அந்தக் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முழுக்க நனைந்து படியேறி வருகிறார்.

"மேடம், கையிலயே குடை இருக்கே!"

"இது என்னுது இல்லையே தம்பி."

"அதுக்காக நனையறதா? பிரிச்சா தேஞ்சா போயிடும்?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க. கேக்க ஆள் இல்லையே," என்று முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னார். இப்படிப்பட்டவர்களோடு பழகுவது சிரமம். நம்முடைய சின்னச் சின்னக் களவெல்லாம் நமக்கே தெரிய ஆரம்பித்துவிடும்.

வட்டத்துக்கென்று சில முறைகள் இருந்தன. கனவைச் சொல்கிறவர் இப்போது நடப்பது போலச் சொல்ல வேண்டும். போனேன், பார்த்தேன் கிடையாது. போகிறேன், பார்க்கிறேன். முடிகிற வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது. முடிந்ததும் கேள்வி கேட்கலாம், ஆனால் கனவில் இருப்பதைப் பற்றி மட்டும். கதவு என்ன நிறம், திறந்திருந்ததா, அந்த நாய் உங்களைப் பார்த்ததா. அதன் பிறகு யாருக்காவது ஏதாவது தோன்றினால், "என் கனவா இருந்தா" என்று ஆரம்பித்துத்தான் சொல்ல வேண்டும். உங்கள் கனவுக்கு அர்த்தம் இதுதான் என்று யாராவது தொடங்கினால் மேடத்தின் கை மேலே போகும். சொன்னவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, "என் கனவா இருந்தா" என்று திருத்திக்கொள்வார். கடைசியில் அரைமணி நேரம் களிமண், வண்ணம், பழைய பத்திரிகைகள் என்று எதையாவது வைத்துக் கனவிலிருந்து ஒரு துண்டைச் செய்ய வேண்டும். அழகாக வரும் என்று பயந்தால் இடது கையால் வரையச் சொல்வார். அழகாக வராது என்று பயப்படுகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். அழகாக வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டும் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

வட்டம் தொடங்கும் முன் வருடக்கணக்கில் அவர் காது கேட்கும் திறனைச் சோதிக்கும் வேலையில் இருந்தவர். கண்ணாடி அறைக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொல்லும் வேலை. அதைப் பற்றி ஒருநாள் சொன்னார்.

"சில நேரம் நான் சத்தமே குடுக்காம உக்காந்திருப்பேங்க. அப்பவும் விரலைத் தூக்குவாங்க. கேக்கலைன்னு சொல்ல வெக்கம். இங்கயும் அப்படித்தான். அடுத்தவங்க கனவைக் கேட்டா ஏதாவது சொல்லியே ஆகணும்னு தோணும். ஒன்னும் தோணலைன்னா தோணலைன்னு சொல்லுங்க. அதுக்கு ஒரு மரியாதை உண்டு."

கூட்டம் என்று சொல்ல முடியாது. எட்டுப் பேர், பத்துப் பேர். அதில் பாதிப் பேர் நோட்டீஸின் பெரிய எழுத்தைப் படிக்காமல் பலன் கேட்க வந்தவர்கள். ஒருமுறை வந்துவிட்டு அவர்கள் மறுபடி வரவில்லை. நின்றவர்களில் உத்திர வீதி மாமா ஒருவர். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் வந்து நெஞ்சு நிமிர்த்திச் சொன்னார்.

"அடியேன் ஸ்வப்னத்துல பெருமாள் எழுந்தருளியிருக்கார். நம்பெருமாளேதான். கிட்டத்துல சேவை சாதிக்கறார். இதுக்கு மேல என்ன வேணும் சொல்லுங்கோ?"

எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டோம். மேடமும் கும்பிட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "பெருமாள் உங்களைப் பாக்கறாருங்களா, வேற எங்கயாவது பாக்கறாருங்களா?"

 மாமாவின் முகம் என்னவோ போல ஆகிவிட்டது. "எனக்குப் பின்னாடி யாரையோ பாக்கறார்," என்றார். யாரை என்று மேடம் கேட்கவில்லை. மாமா அன்று களிமண்ணில் என்னவோ செய்து, செய்ததைப் பிசைந்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை.

எல்லாம் இப்படி நல்லபடியாகவே நடந்தது என்று சொல்ல மாட்டேன். பொன்மலை ரயில்வே குடியிருப்பிலிருந்து ஒரு அக்கா வருவார். அவருக்குத் திரும்பத் திரும்பப் பல் விழுவது போல ஒரு கனவு. பல் விழுந்தால் வீட்டில் ஒரு உயிர் போகும் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர். வீட்டுக்காரருக்கு அப்போதுதான் நெஞ்சுவலி வந்து போயிருந்தது. கனவைச் சொல்லி முடிக்கும்போதே அழுதுவிட்டார்.

"பலன் எல்லாம் வேண்டாங்க மேடம். கெட்டது ஒன்னும் இல்லைன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும்."

மேடம் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டார், தண்ணீர் கொடுத்தார், அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. அக்கா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். எங்கள் எல்லோருக்கும் கோபம். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்தான் கேட்டேன்.

"ஒரு பொய் சொன்னா என்ன மேடம்? அவங்க நிம்மதியாத் தூங்குவாங்க இல்ல?"

"இன்னைக்கு நல்லதுன்னு நான் சொன்னா, நாளைக்குக் கெட்டதுன்னு இன்னொருத்தர் சொன்னாலும் அவங்க நம்பணும் தம்பி."

நியாயமான பதில்தான். ஆனாலும் அன்றைக்கு அவரைக் கல்நெஞ்சுக்காரி என்று மனசுக்குள் திட்டினேன். மறுநாள் அவர் இரண்டு பஸ் மாறிப் பொன்மலைக்குப் போய், அந்த அக்கா வீட்டில் மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார் என்று பிறகு அக்காவே சொன்னார். பட்டாணி உரித்தார்களாம். வீட்டுக்காரர் மாத்திரை போட்டுக்கொண்டாரா என்று கேட்டாராம். அங்கேயும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அக்கா வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

எல்லார் கனவையும் கேட்கும் அவர், தன் கனவு ஒன்றைச் சொன்னதே இல்லை. ஒரு ஆடிப்பெருக்கு ஞாயிறு. காவிரிக்குப் போகும் கூட்டத்தில் சாலையெல்லாம் அடைத்துவிட்டார்கள். வட்டத்துக்கு வந்து சேர்ந்தது மாமா, பொன்மலை அக்கா, நான். மாமாதான் ஆரம்பித்தார்.

"எல்லார் மூட்டையையும் பிரிக்கச் சொல்றேள். உங்க மூட்டையை ஒரு நாளும் பிரிச்சதில்லையே. இது என்ன நியாயம்?"

மேடம் சிரித்தார்.  பிறகு, எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே சொன்னார்.

"டவுன் பஸ். ஒன்னாம் நம்பர். நான் பின்னாடி சீட்டுல உக்காந்திருக்கேன். முன்னாடி சீட்டுல ஒரு பொம்பளை உக்காந்திருக்காங்க. முதுகு மட்டும் தெரியுது. தலைக்குக் குளிச்ச ஈரம். முடியை விரிச்சுப் போட்டு நுனியில மட்டும் ஒரு முடிச்சு. சொட்டுச் சொட்டாத் தண்ணி விழுந்து ரவிக்கை நனைஞ்சிருக்கு. நான் எழுந்திருக்கிறேன். ஸ்டாப்பிங் வரட்டும்மா, உக்காருங்கன்னு கண்டக்டர் சொல்றார். உக்காந்துடறேன். பஸ்ஸு மாம்பழச் சாலை தாண்டிக் காவிரிப் பாலத்துல ஏறுது. பாலம் முடியவே மாட்டேங்குது. முழிச்சுக்கறேன்."

"எத்தனை நாளா வர்றது?" என்றார் மாமா.

"ஏழெட்டு வயசுலேருந்து. அப்பல்லாம் மாட்டு வண்டி. அப்புறம் பஸ்ஸாயிடுச்சு."

"ஸ்வப்னத்துக்கும் பஸ் விட்டுட்டாளா!" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தோம், மேடமும்தான்.

"அவங்க யாருன்னு தெரியுமா மேடம்?" என்று அக்கா கேட்டார்.

"எங்கம்மா. எனக்கு ஒன்றரை வயசுல போயிட்டாங்க."

என் தொழில் புத்தி உடனே வாயைத் திறந்தது. "போட்டோ இருக்கா மேடம்? எவ்வளவு பழசா இருந்தாலும் பரவாயில்ல, நான் சரி பண்ணித் தரேன்."

"இல்லையே தம்பி. எடுக்கவே இல்ல. உப்பிலியபுரத்துக்குப் பக்கத்துல ஒரு ஊரு, அந்தக் காலத்துல அங்க யாரு போட்டோ எடுத்தா? சித்தி நல்லவங்கதான், எதையும் மறைக்கல. மறைக்க ஒன்னும் இல்ல, அவ்வளவுதான். நான் அப்பா ஜாடை. அதனால கண்ணாடியிலயும் அவங்க கிடைக்க மாட்டாங்க. அத்தை ஒன்னே ஒன்னு சொல்லியிருக்காங்க. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிச்சா, காய வைக்க நேரமில்லாம, முடி நுனியில ஒரு முடிச்சுப் போட்டுக்கிட்டு வேலை செய்வாங்களாம். எங்கம்மாகிட்டேருந்து எனக்குன்னு வந்தது அந்த முடிச்சு ஒன்னுதான்."

 முறைப்படி எங்கள் முறை வந்தது. மாமா, "என் ஸ்வப்னமா இருந்தா, டிக்கெட் வாங்கினேனா இல்லையான்னே பயந்துண்டிருப்பேன்," என்றார். அக்கா தனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றார். நான் சொன்னேன்.

"என் கனவா இருந்தா கண்டக்டர் சொன்னதைக் கேட்டிருக்க மாட்டேன் மேடம். எழுந்து முன்னாடி போயிருப்பேன்."

"போயி?"

"முகத்தைப் பாத்திருப்பேன்."

"என்னால முடியல தம்பி. அவங்களாத் திரும்பணும்," என்றார் மேடம்.

இங்கே என் கதை கொஞ்சம் வர வேண்டியிருக்கிறது. அதற்கு இரண்டு வருடம் முன்பு என் அம்மா இறந்துபோனார். சாவு வீட்டிலிருந்து நேராகக் கடைக்குப் போய்க் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸை நானே செய்தேன். ஒரு கல்யாண வீட்டு குரூப் போட்டோவிலிருந்து அம்மாவை வெட்டி எடுத்தேன். பக்கத்தில் நின்றவரின் முழங்கையை அழித்தேன். கன்னத்தில் வெளிச்சம் கூட்டினேன். பின்னால் அந்த நீல மேகத்தை வைத்தேன். வேலை சுத்தமாக இருந்தது. ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, அன்றும் வரவில்லை, பிறகும் வரவில்லை.

ஆடிப்பெருக்கு கழிந்து ஒரு வாரம் இருக்கும். விடியற்காலையில் எனக்கு அந்த பஸ் வந்தது. ஒன்றாம் நம்பர், பாலம், ஈரக் கூந்தல், நுனியில் முடிச்சு. நான் எழுந்து முன்னால் போனேன். அந்த அம்மாள் திரும்பினார். என் அம்மா. ஃப்ளெக்ஸில் இருந்த அம்மா இல்லை. வெளிச்சம் கூட்டாத, இடது புருவத்தில் வெட்டுத் தழும்புள்ள, மூக்கு மேல் வேர்த்திருக்கிற என் அம்மா. நான் அழுதுகொண்டே விழித்தேன். அன்று காலையே கேன்வாஸ் வாங்கினேன். வட்டத்தில் கிறுக்கியதைத் தவிர்த்தால், பதினைந்து வருடத்துக்கு மேல் தூரிகையைத் தொடாத கை. கடைக்குப் போகும் முன் இரண்டு மணி நேரம் என்று, ஒரு மாதத்தில் அந்தப் படம் முடிந்தது. என் வாழ்க்கையில் நான் வரைந்த ஒரே உண்மையான படம் அது என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

புரட்டாசியில் வட்டத்தின் கண்காட்சி நடந்தது. ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். அவரவர் கனவிலிருந்து செய்ததை அவரவர் வைக்கலாம். பக்கத்தில் ஒரு அட்டை, அதில் "என் கனவு" என்று எழுதி வைக்க வேண்டும். நானும் எழுதி வைத்தேன். அந்த இரண்டு சொற்களை எழுதும்போது நான் யோசிக்கவே இல்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

என் படத்துக்கு முன்னால் ஆட்கள் நின்றார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது மேடம் வந்தார். படத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து பார்க்க ஆரம்பித்தார். பஸ்ஸின் தரை, ஈரம், முடிச்சு. அங்கே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கண் மேலே போனது, திரும்பியிருந்த அந்த முகத்துக்கு.

"முடிச்சு சரியா இருக்கு," என்றார். கொஞ்சம் கழித்து, "யாரு தம்பி இவங்க?"

"எங்கம்மா மேடம்."

அட்டையைப் படித்தார்.

"எனக்கும் வந்துச்சு மேடம். நெஜமாவே வந்துச்சு," என்றேன். யாரும் கேட்காமலே சொன்னேன்.

"வந்திருக்கும் தம்பி. நல்ல முகம்," என்றார். அடுத்த மேசைக்குப் போய், பொன்மலை அக்கா களிமண்ணில் செய்திருந்த பல் வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமா என்னைக் கைகழுவும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். "ஏம்ப்பா, அவாளைக் கேட்டியோ?"

"எதுக்கு மாமா கேக்கணும்? என் கனவா இருந்தான்னு சொல்லச் சொன்னதே அவங்கதானே?"

"சொல்லத்தான் சொன்னா. எடுத்துக்கச் சொன்னாளோ?"

எனக்கு வந்த கோபத்தில் அவரோடு இரண்டு ஞாயிறு பேசவில்லை. வட்டம் எப்போதும் போல நடந்தது. மேடம் என்னிடம் எப்போதும் போலப் பேசினார். முன்னைவிடக் கனிவாகக்கூடப் பேசினார். அதனாலேயே நான் மூன்றாவது ஞாயிறு போகவில்லை. நான்காவதும் போகவில்லை. கடையில் சீசன் வேலை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

கார்த்திகையில் ஒருநாள் முற்பகல், முதலாளி டீ குடிக்கப் போயிருந்த நேரம், மேடம் கடைக்கு வந்தார். ஏதோ நோட்டீஸ் வேலை என்று நினைத்தேன். கையில் தாள் இல்லை.

"தம்பி, உங்ககிட்ட ஒன்னு கேக்கணும். அதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லணும். பஸ்ஸு வந்துச்சு, பத்து நாளைக்கு முன்னாடி. அவங்க திரும்பிட்டாங்க."

என் கை மவுஸில் அப்படியே நின்றுவிட்டது. "யாரு மேடம்?" என்றேன், தெரிந்தும்.

"உங்கம்மா. அந்தப் புருவத் தழும்போட."

ஐம்பது வருடத்துக்கு மேலாக ஒரு முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். என்றைக்காவது ஒருநாள் அது தானாகத் திரும்பும் என்று, எழுந்துகூடப் போகாமல் காத்திருந்தவர். அந்தக் காலி இடத்தில் நான் என் அம்மாவைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டேன். முகமில்லாத எதையும் அப்படியே விடத் தெரியாத கை என்னுடையது. 

"அந்தப் படத்தை அழிச்சுடறேன் மேடம். இன்னைக்கே அழிச்சுடறேன். முகத்து மேல மட்டுமாவது வெள்ளை அடிச்சுடறேன்."

"வேண்டாம். துணியில அழிக்கலாம். நான் பாத்தாச்சே தம்பி." குரலில் சூடில்லை. ஆனால் மறைக்கவும் இல்லை. "பொய் சொல்ல மாட்டேன். எங்கம்மா எப்படி இருந்திருப்பாங்கன்னு இனிமே எனக்குத் தெரிய வரப் போறதில்ல. அது எனக்குப் புரிஞ்சிடுச்சு. ஒரு வாரம் உங்க மேல ரொம்பக் கோவமா இருந்தேன். உங்க பேரைச் சொல்லித் திட்டினேன், வீட்டுல தனியா இருக்கும்போது."

"திட்டுங்க மேடம்."

"முடிஞ்சிடுச்சு. நேத்து மறுபடி வந்துச்சு. அதுக்குத்தான் வந்தேன்." புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார். "திரும்பி என்னையே பாக்கிறாங்க. கண்டக்டர் ஒன்னும் சொல்லல. அவங்களுக்குப் பக்கத்து சீட்டு காலியா இருக்கு. நான் எழுந்து கிட்டப் போயிட்டேன். கூப்பிட வாயைத் திறந்துட்டேன். அப்பத்தான் தோணுச்சு, இவங்க அந்தத் தம்பியோட அம்மாவாச்சே, அவரைக் கேக்காம நான் எப்படி அம்மான்னு கூப்பிடறதுன்னு. அப்படியே நின்னுட்டேன். முழிப்பு வந்துடுச்சு."

கடைக்கு வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அது ஓயும் வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்.

"கூப்பிடலாங்களா தம்பி?"

கேட்காமல் எடுத்துக்கொண்டவன் நான். தன் தூக்கத்துக்குள், தன் கனவுக்குள், தனக்கு மட்டுமே தெரியும் இடத்தில், ஒரு சொல்லைச் சொல்வதற்கு அனுமதி கேட்கக் காவிரியைத் தாண்டி வந்து நிற்பவர் அவர். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக அழுகை வந்தது. மறைக்க முடியவில்லை, மறைக்கவும் தோன்றவில்லை.

"கூப்பிடுங்க மேடம்," என்றேன். "எங்கம்மா ஒன்னும் நினைச்சுக்க மாட்டாங்க. சின்ன வயசுல நாங்க புள்ளைங்க மூணு பேரும் வீட்டுக்குள்ள இருப்போம். தெருவுல எந்தப் புள்ள அம்மான்னு கத்தினாலும் அடுப்பை விட்டுட்டு ஓடிப்போய்ப் பாப்பாங்க. உன் புள்ளைங்கதான் இங்க இருக்கோமேம்மான்னு நாங்க சிரிப்போம். என்னமோடா, என்னைத்தான் கூப்பிடுறாப்புல இருக்குன்னு சொல்வாங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் மாட்டிக்கொண்டார்.

"அப்பச் சரி," என்றார்.